ஒரு பக்கட் பிஸ்கட்டும் ஒரு நாள் பேரும்

பதுளையிலிருந்து பிபிலைக்குச் செல்லும் வீதியில் இருக்கிறது லுணுகலை. நண்பர் ஒருவரின் தாயாருடைய கருமாதிக்காக அங்குள்ள தோட்டம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். லயத்து வாசலில் அமர்ந்திருந்த என்னைப் பார்த்து ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் சிரித்தான். மேல்வரிசை முன்பற்கள் நான்கும் கறுத்துக் கரைந்து வேர்க்கட்டைகளாக நின்றன. கையில் கிரீம் பிஸ்கட் பக்கட்.

"பால் பல்லுதாங்களே ஐயா, விழுந்து மொளைச்சிரும்" என்றார் அவனுடைய பாட்டி.

இந்த நம்பிக்கை மலையகத்துக்கு மட்டும் உரியதன்று. கொழும்பில் படித்தவர்களிடமும் கேட்டிருக்கிறேன். முன்பற்கள் ஆறேழு வயதில் விழுவது உண்மைதான். ஆனால் பால் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை நின்று மெல்ல வேண்டியவை. அவற்றுக்குப் பின்னால் ஆறு வயதளவில் முளைக்கும் கடைவாய்ப் பல்லோ நிரந்தரப் பல். எதுவும் விழாமலே அது முளைத்துவிடுவதால், அதையும் பால் பல் என்றே எண்ணிச் சூத்தையாக விட்டுவிடுகிறோம்.

சீனி கெடுதல் என்பது எல்லோரும் அறிந்ததே. எவ்வளவு சீனி என்பதைவிட எத்தனை தடவை என்பதே பல்லுக்குப் பெரிய கேள்வி என்பதுதான் போதிய அளவு பேசப்படவில்லை. இனிப்பு வாயில் பட்ட சில நிமிடங்களில் பல்லில் படிந்துள்ள கிருமிகள் அதை அமிலமாக்குகின்றன. அந்த அமிலத்தை உமிழ்நீர் தணிக்க அரைமணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். அதற்குள் அடுத்த பிஸ்கட் வந்தால் பல்லுக்கு ஓய்வே இல்லை. சுவீடனில் அறிவுத்திறன் குறைபாடுடையோருக்கான விப்பேஹோம் மருத்துவமனையில் 1945 முதல் நடந்த ஆய்வு இதைக் காட்டியது. உணவோடு சேர்த்து உண்ட சீனி செய்த கேட்டைவிட, வேளைகளுக்கு இடையே தின்ற, பல்லில் ஒட்டும் டொபி செய்த கேடு மிகப் பெரிது. வாய் திறந்து மறுக்க இயலாத நோயாளிகளின் பற்களைப் பலியிட்டுப் பெற்ற அறிவு அது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நமது நாட்டில் 2016 ஆகஸ்ட் முதல் மென்பானப் போத்தல்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளங்கள் இடப்படுகின்றன. 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த நிறம் அளவைச் சொல்லும். எத்தனை தடவை என்பதைச் சொல்லாது.

அந்தச் சிறுவனின் நாளைக் கேட்டறிந்தேன். விடியற்காலையில் சீனி போட்ட தேத்தண்ணி. பிள்ளைக் காம்பராவில் பிஸ்கட். பத்து மணிக்குப் பணிஸ். பின்னேரம் மீண்டும் தேத்தண்ணி. அம்மா மலையிலிருந்து இறங்கும்போது கடையில் வாங்கிவரும் டொபி. நாள் முழுதும் பிரிந்திருந்த தாய் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடிய மலிவான அன்பு அதுதான். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். பல் வலித்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நகரத்துக்குப் போகவேண்டும். அன்றைய பேர் போய்விடும். 2021இல் ஆயிரம் ரூபாயாக்கப்பட்ட நாட்கூலியின் அடிப்படை 2024இல் 1,350 ரூபாய் ஆனது. பஸ் செலவு வேறு. ஆகவே கிராம்பு வைத்து, பனடோல் கொடுத்து, வீக்கம் காணும்வரை தள்ளிப்போடுகிறார்கள். அதன்பின் பல்லைப் பிடுங்குவதுதான் வைத்தியம்.

டொபியை ஒழியுங்கள் என்று நான் கேட்கவில்லை. சோறு உண்ட கையோடு கொடுத்துவிடுங்கள். இடைவேளைக்கு அவித்த கடலையோ, கச்சானோ, ரொட்டியும் சம்பலுமோ போதும். இரவில் புளோரைட் பற்பசையால் துலக்கிய பிறகு தண்ணீர் தவிர வேறெதுவும் வேண்டாம். பிள்ளைக் காம்பராக்களில் பிஸ்கட்டுக்குப் பதில் கடலை அவிப்பது தோட்ட நிர்வாகங்களுக்கு முடியாத காரியமன்று. தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சோடு இதையும் சேர்த்துக் கேட்கலாம். இதுவரை கேட்டதாக என் காதில் விழவில்லை.

ஒரு வேடிக்கை. தேயிலை மண்ணிலுள்ள புளோரைடை இலையில் சேர்த்துவைக்கும் செடி. சீனி சேராத சாயத்தண்ணியால் பல்லில் சூத்தை விழாது. புறப்படும் முன் பாட்டி தேத்தண்ணி கொண்டுவந்தார். சீனி வேண்டாம் என்றேன்.

"ஐயாவுக்கும் சீனி வியாதிங்களா?" என்று இரக்கத்தோடு கேட்டார்.