மீன் தொட்டிப் பாசியும் நமது வியாபாரமும்

அரிசி, பருப்பு, வரி, உரிமம் என்றே இந்தப் பக்கத்தில் எழுதி வந்த நாம், இம்முறை கண்ணாடித் தொட்டி மீனைப் பற்றி எழுதப் புகுந்தது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். காரணம் இருக்கிறது. சென்ற மாதம் சங்கத்துக்கு ஒரு பிராது வந்தது. கொடுத்தவரும் உறுப்பினர், எதிர்த்தரப்பும் உறுப்பினர். இருவர் பெயரும் இங்கே வேண்டாம்.

ஒருவர் ஜவுளிக்கடைக்காரர். கடையைப் புதுப்பித்தபோது வாசலில் 200 லிட்டர் உப்புநீர்த் தொட்டி ஒன்று வைத்தார். மற்றவர் அலங்கார மீன் கடை தொடங்கி ஓர் ஆண்டுகூட நிறையாத இளைஞர். தொட்டியை அமைத்துக் கொடுத்தவர் அவர்தான். மூன்றாம் வாரம் தொட்டியிலிருந்த கற்கள் மேல் பழுப்பாக மாவு பூத்தது. ஐந்தாம் வாரம் பச்சை முடிபோல் பாசி தொங்கியது. ஜவுளிக்கடைக்காரர் கூப்பிட்டுச் சொல்லும்போதெல்லாம் இளைஞர் ஒரு மருந்துப் புட்டி கொடுத்தார். மூன்றாவது புட்டி ஊற்றிய மறுநாள் நத்தை, இறால் எல்லாம் செத்து மிதந்தன. பணத்தைத் திருப்பிக் கொடு என்று ஒருவர், கொடுத்தால் கடையைப் பூட்ட வேண்டியதுதான் ஐயா என்று மற்றவர். இளைஞர் சரக்கை எல்லாம் கடனுக்குத்தான் எடுத்திருந்தார்.

விசாரித்துப் பார்த்ததில் நாம் தெரிந்துகொண்டது இதுதான். புதிய உப்புநீர்த் தொட்டியில் கல்லின் மேல் பழுப்புப் பூப்பது நோயல்ல. தண்ணீரில் கரைந்துள்ள மணற்சத்தைத் தின்று வளரும் நுண்ணுயிர் அது. பெரும்பாலும் சில வாரங்களில் தானே வடிந்துவிடும். அதன் பிறகு வரும் பச்சைப் பாசிக்குக் காரணம் தழைச்சத்தும் மணிச்சத்தும். மீனின் கழிவும் மீந்த தீனியும் அம்மோனியாவாகி, பிறகு நைட்ரைட்டாகி, கடைசியில் நைட்ரேட்டாகும். இந்த வேலையைச் செய்யும் பாக்டீரியா கல்லிலும் மணலிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கிறது. அதுவரை மீன் விடக்கூடாது, அல்லது மிகச் சிலவே விடலாம். நம் இளைஞரோ மூன்றாம் நாளே ஒன்பது மீன் விட்டிருக்கிறார். தண்ணீர் போர்வெல் தண்ணீர். சுற்றிலும் வயல், வயலெல்லாம் யூரியாவும் டிஏபியும். அந்தத் தண்ணீரில் என்ன கலந்திருக்கும் என்று டெல்டாக்காரர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

நடவு வயலில் டிஏபி போட்ட கொஞ்ச நாளில் பாசி படருவதை நாம் பார்த்திருக்கிறோம். மயில்துத்தத்தைத் துணியில் முடிந்து வாய்மடையில் வைப்பார்கள். வயலுக்கு அது சரி. அந்தப் புட்டியிலும் இருந்தது தாமிரந்தான். நத்தைக்கும் இறாலுக்கும் தாமிரம் விஷம். கல்லுக்குள் இறங்கிவிட்டால் நெடுநாள் கசிந்துகொண்டே இருக்கும். பாசியைத் தின்பதற்கென்று காசு கொடுத்து வாங்கிய நத்தையை, பாசி மருந்து ஊற்றியே கொன்றிருக்கிறார்கள்.

ஜவுளிக்கடைக்காரர் பக்கமும் தவறு உண்டு. கடை திறந்தது முதல் பூட்டும் வரை பன்னிரண்டு மணி நேரம் தொட்டி விளக்கு எரிந்திருக்கிறது. எட்டு மணி நேரம் போதும். துணி எடுக்க வரும் குழந்தைகள் ஆளுக்கொரு சிட்டிகை தீனி போட்டார்கள். ஆடி மாதம் என்றால் கேட்க வேண்டுமா!

இனி நம் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறோம். அந்த இளைஞர் நம் கிடங்கில் ஒரு மூட்டை வேதாரண்யம் கல்லுப்பு வாங்கினார். கடல் உப்பு என்று பெயர் போட்டு டப்பாவில் வரும் மீன் தொட்டி உப்பு விலை அதிகம் என்பதால், மாதம் ஒருமுறை தண்ணீர் மாற்றுவதற்கு நம் உப்பைக் கரைத்திருக்கிறார். எதற்கு என்று நாம் கேட்கவில்லை. உப்பு வாங்க வந்தவரிடம் எதற்கு என்று யார் கேட்பார்கள் என்று முதலில் நமக்கும் தோன்றியது.

ஆனால் நாற்பது வருடமாக உப்பு விற்கும் நமக்கே இது தெரிந்திருக்க வேண்டும். பாத்தியில் கடல்நீர் காயும்போது சுண்ணாம்புச் சத்து முன்னதாகப் படிந்துவிடும். அதன் பிறகு உப்பு விளையும். மிஞ்சும் கசப்புத் தண்ணீரோடு மக்னீசியம் வெளியே போய்விடும். மக்னீசியம் தங்கிய உப்பு ஐப்பசி மழையில் மூட்டையோடு கசியும் என்பதால், அது இல்லாத உப்பையே நாம் நல்ல உப்பு என்று பார்த்துக் கொள்முதல் செய்கிறோம். கடல் உயிர்களுக்கோ சுண்ணாம்பும் மக்னீசியமும் இரண்டும் வேண்டும். குழம்புக்கு நல்ல உப்பு தொட்டிக்குக் கெட்ட உப்பு. லிட்டருக்கு 35 கிராம் என்ற எடை சரியாக இருந்தாலும் சரக்கு வேறு.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று அந்தக் கடையில் நம் கண்ணில் பட்டது. பட்டியலில் "உயிர்ப்பாறை, ஆர்டரின் பேரில்" என்று எழுதியிருந்தார். எங்கிருந்து வரும் என்று கேட்டோம். ராமேசுவரம் பக்கத்து ஆள் ஒருவர் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாராம். உடனே அந்த வரியை அடிக்கச் சொன்னோம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பவளப்பாறை 1986 முதல் தேசியப் பூங்கா. ஒரு காலத்தில் அங்கே பவளக்கல்லை வெட்டிச் சுண்ணாம்புக்கும் ஆலைக்கும் அனுப்பினார்கள். இரண்டு தீவுகள் கடலுக்குள்ளேயே போய்விட்டன. 2001 முதல் பாறை கட்டும் பவளம் முழுவதும், கடற்குதிரையும், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள பாதுகாப்பு அந்தக் கல்லுக்கும் உண்டு. மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. தெரியாது என்ற பதில் அங்கே செல்லாது. தொட்டிக்குக் காய்ந்த செயற்கைப் பாறையும் நுண்துளைப் பீங்கானும் போதும். அவற்றிலும் பாக்டீரியா குடியேறும்.

வேண்டாத வளர்ச்சி கல்லை மூடுவது தொட்டிக்குள் மட்டும் நடப்பதல்ல. ஐஸ்கிரீமுக்குக் கெட்டித்தன்மை தரும் காராஜீனன் எடுப்பதற்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து மண்டபம் பக்கம் வளர்த்த கப்பாபைகஸ் என்னும் கடற்பாசி, குருசடைத் தீவின் உயிருள்ள பவளங்கள் மேல் படர்ந்திருப்பதாக 2008இல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். அதை வளர்த்துப் பல பெண்கள் குடும்பம் நடத்துகிறார்கள் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் பவளத்தின் மேலிருந்து அதை அகற்ற வனத்துறையினர் கடலில் இறங்கிக் கையால்தான் பிடுங்க வேண்டியிருந்தது. கடலுக்கே புட்டி மருந்து கிடையாது.

ஆகவே நாம் சொல்வது, மீன் தொட்டி விற்கும் உறுப்பினர்கள் ரசீதோடு ஒரு துண்டுச் சீட்டும் கொடுக்க வேண்டும். பழுப்புப் பூத்தால் பயப்பட வேண்டாம், பச்சை முடியைக் கையால் பிடுங்கிப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவவும், வாரம் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றவும், ஆவியாகிக் குறைந்ததற்கு உப்பில்லாத சுத்திகரித்த தண்ணீரே ஊற்றவும் என்று அதில் இருக்கட்டும். கண்ணாடி போன்ற சிறு பூ ஒன்று கல்லில் முளைத்தால் அதை மட்டும் நசுக்கக்கூடாது. நசுக்கிய துண்டெல்லாம் புதுப் பூவாகும். முக்கியமாக, முதல் ஆறு வாரம் மருந்து விற்பதில்லை என்று எழுதுங்கள். புட்டியில் கிடைக்கும் லாபம் போகுமே என்று ஓர் உறுப்பினர் கூட்டத்திலேயே கேட்டார். மூன்று புட்டி விற்றவர் இன்று எங்கே நிற்கிறார் என்று பார்க்கச் சொன்னோம். விற்ற பொருளால் நேர்ந்த நட்டத்துக்குக் கடைக்காரரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்வதையும் நினைவில் கொள்ளவும்.

பிராது இப்படி முடிந்தது. செத்த உயிர்களின் கிரயத்தில் பாதியை இளைஞர் தருவது, மீதியை ஜவுளிக்கடைக்காரர் பொறுத்துக்கொள்வது. தாமிரம் ஏறிய கல்லை மாற்றிப் புதிதாகத் தண்ணீர் கட்டிக் கொடுப்பது. ஆறு வாரம் மீன் இல்லாமல் வெறும் தொட்டியாக ஓடவிடுவது. இதற்கு ஜவுளிக்கடைக்காரர் எளிதில் இசையவில்லை. தீபாவளிக்கு முன் மீன் வேண்டும் என்றார். விளக்குக்கு நேரக் கட்டுப்பாட்டுச் சுவிட்சு ஒன்றைத் தம் செலவில் வாங்கித் தருவதாக இளைஞர் சொன்ன பிறகு ஒப்புக்கொண்டார்.

உப்பு மூட்டையில் முக்கால் பங்கு மீதி இருந்தது. அதை நாம் திரும்ப எடுத்துக்கொண்டு, முழு மூட்டைக்கும் பற்றில் வரவு வைத்துவிட்டோம்.