மூன்று டெண்டரிலும் ஒரே விலை!

செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் பீரங்கியைத் தேடுவார்கள். கல்யாண மகாலைத் தேடுவார்கள். ராஜகிரி மலையடிவாரத்தில் உள்ள நெற்களஞ்சியத்தின் முன்னால் நிற்கிறவர்கள் குறைவு. ஆனால், 1690-ல் தொடங்கி 1698 வரை முகலாயர் படை முற்றுகையிட்ட கோட்டை அது. பீரங்கி மட்டும் இருந்தால் போதாது, உள்ளே நெல்லும் வேண்டும் என்பது அதைக் கட்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நெல்லுக்குப் பகைவர்கள் வெளியில் மட்டும் இல்லை. மூட்டைக்குள்ளேயே வண்டு இருக்கிறது. இன்று அரசாங்கக் கிடங்குகளில் வண்டைக் கொல்ல அலுமினியம் பாஸ்பைடு என்னும் மாத்திரையை வைக்கிறார்கள். மூட்டை அடுக்கைத் தார்ப்பாயால் மூடி, உள்ளே மாத்திரையை வைத்தால், காற்றின் ஈரம் பட்டு நச்சு வாயு கிளம்பும். (வீட்டுக்குள் வைக்கவே கூடாத கொடிய விஷம் இது.)

இந்த மாத்திரையை வாங்கியதில்தான் ஒரு பெரிய வழக்கு பிறந்தது.

இந்திய உணவுக் கழகம் 2009-ல் 600 டன் மாத்திரைக்கு டெண்டர் கேட்டது. யுனைடெட் பாஸ்பரஸ், எக்செல் கிராப் கேர், சந்தியா ஆர்கானிக் கெமிக்கல்ஸ் என்ற மூன்று கம்பெனிகள் மே 8-ந் தேதி டெண்டர் கொடுத்தன. பிரித்துப் பார்த்தால், மூன்றிலும் கிலோ 388 ரூபாய்! ஒரு பைசா கூடவில்லை, ஒரு பைசா குறையவில்லை. பிறகு பேரம் பேசியதில் 2 ரூபாய் குறைந்தது.

600 டன் என்றால் 6 லட்சம் கிலோ. கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடினால், அரசாங்கப் பணம் 6 லட்சம் ரூபாய் கூடுதலாகப் போகும். ரேஷன் அரிசிக்காகச் செலவாகும் பணம் அது.

செஞ்சிப் பக்கத்து விவசாயிக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் மறைமுக ஏலம் என்ற முறை உண்டு. ஒருவர் எழுதும் விலை இன்னொருவருக்குத் தெரியக்கூடாது. தெரியாததால்தான் ஒவ்வொருவரும் கொஞ்சம் ஏற்றி எழுதுவார்கள். எழுதுகிறவர்கள் முன்னாலேயே டீக்கடையில் கூடிப் பேசிக்கொண்டால் என்ன ஆகும்? ஏலம் நடக்கும், போட்டி நடக்காது. இங்கே விவசாயி விற்கிறார், அங்கே அரசாங்கம் வாங்குகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

உணவுக் கழகம் 2011 பிப்ரவரியில் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் செய்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. நீதிபதிகள் ஏ.கே.சிக்ரி, என்.வி.ரமணா இருவரும் 2017 மே 8-ந் தேதி தீர்ப்பளித்தார்கள்.

கம்பெனிகள் என்ன வாதம் சொல்லின?

"கூட்டு விலையைத் தடுக்கும் சட்டப்பிரிவு 2009 மே 20-ந் தேதிதான் அமலுக்கு வந்தது. நாங்கள் டெண்டர் கொடுத்தது அதற்கு 12 நாள் முன்னால்" என்றன. கெட்டிக்கார வாதம்! ஆனால் விலை திறக்கப்பட்டது ஜூன் 1-ந் தேதி. பேரம் நடந்தது ஜூன் 17-ந் தேதி. சட்டம் வந்த பிறகும் அந்தக் கூட்டு தொடர்ந்தது என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. 2011-ல் வந்த இன்னொரு டெண்டரை மூன்று கம்பெனிகளும் ஒதுக்கின. அது புகாரில் இல்லையே என்ற வாதமும் எடுபடவில்லை.

முக்கியமான வாதம் வேறு. "இந்தத் தொழிலில் இருப்பதே நாலைந்து பேர். ஒருவர் விலை இன்னொருவருக்குத் தெரியும். அதனால் விலை ஒன்றாக அமைந்துவிட்டது" என்றார்கள்.

அமையலாம். ஆனால், கம்பெனிகள் வெவ்வேறு ஊரில் இருந்தன. தயாரிக்கும் செலவு வெவ்வேறு. அப்படியிருந்தும் விலை மட்டும் ஒன்று. அதுவும் இது முதல் தடவை அல்ல. இரகசியமாகப் பேசுகிறவர்கள் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட மாட்டார்கள். சந்தர்ப்பங்களை வைத்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். கோர்ட்டு வாதத்தைத் தள்ளியது சரியே.

அப்படியானால் ஒரே விலை என்றாலே குற்றமா? இல்லை. வீட்டு அடுப்படியில் இருக்கும் 14.2 கிலோ கேஸ் சிலிண்டரைப் பாருங்கள். இந்தியன் ஆயில் கேட்ட டெண்டரில், சிலிண்டர் செய்யும் 40-க்கும் மேற்பட்ட கம்பெனிகள் ஒன்றுபோல் விலை எழுதின என்று அபராதம் விழுந்தது. அதே நீதிபதி சிக்ரி இருந்த அமர்வு, 2018 அக்டோபர் 1-ந் தேதி அந்த அபராதத்தை ரத்து செய்தது! சிலிண்டரை வாங்குவதே மூன்று அரசாங்க எண்ணெய்க் கம்பெனிகள்தான். விலையை முடிவு செய்வதில் வாங்குகிறவர் கைதான் ஓங்கியிருந்தது என்று கோர்ட்டு கண்டது. ஒரே வாதம், ஒரு வழக்கில் தோற்றது, இன்னொன்றில் வென்றது. இதை முரண்பாடு என்று சொல்வது தவறு. வாதத்தை மட்டும் பார்க்காமல், அதன் பின்னால் உள்ள விவரத்தையும் பார்த்தார்கள்.

மாத்திரை வழக்கில் மனத்தை உறுத்துவது அபராதம்தான். யுனைடெட் பாஸ்பரசுக்கு ஆணையம் 2012-ல் விதித்தது 252 கோடியே 44 லட்சம் ரூபாய். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2013-ல் அதை 6 கோடியே 94 லட்சமாகக் குறைத்தது. "நாங்கள் பல சரக்கு விற்கிறோம். தப்பு நடந்தது மாத்திரையில். அதன் விற்பனையை மட்டும் வைத்துக் கணக்கிடுங்கள்" என்ற வாதம் ஜெயித்தது. சுப்ரீம் கோர்ட்டும் ஒப்புக்கொண்டது. பல சரக்கு விற்பவரை ஒரு சரக்கின் தப்புக்காக அழித்துவிடக் கூடாது என்ற நியாயம் அதில் உண்டு. அன்றைய சட்டத்தில் தெளிவும் இல்லை.

ஆனாலும் பெரிய கம்பெனிக்கு 7 கோடி ரூபாய் ஒரு சுமையா? பிடிபட்டால் கட்டிவிட்டுப் போகலாம் என்று ஒரு முதலாளி கணக்குப் போட இடம் இருக்கக்கூடாது. பாராளுமன்றம் 2023-ல் சட்டத்தைத் திருத்தியது. 2024-ல் வந்த விதிப்படி, தப்பு நடந்த சரக்கின் சராசரி விற்பனையில் 30 சதவீதம் வரை அபராதம் கணக்கிடலாம்; உச்ச வரம்பு, உலகம் முழுவதும் அந்தக் கம்பெனி செய்யும் மொத்த விற்பனையில் 10 சதவீதம். இதைப் பத்து வருஷம் முன்னாலேயே செய்திருக்க வேண்டும். மாத்திரைக் கம்பெனிகளின் கணக்கு பழைய சட்டப்படியே தீர்ந்துவிட்டது.