நூறு கஜம் எவ்வளவு தூரம்?

எங்கள் கல்லூரி வாசலிலிருந்து எதிர்க்கடைக்கு எண்ணிப் பார்த்தேன். 41 எட்டு. கல்வி நிறுவனத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலைப் பொருட்களை விற்கக் கூடாது என்கிறது 2003-ஆம் வருடச் சட்டம். "அப்படி ஒரு சட்டம் இருக்கா மச்சி?" என்று கேட்ட நண்பன் கையில் சிகரெட் புகைந்துகொண்டிருந்தது.

உடனே "மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று ஆரம்பிக்காதீர்கள். 2016-17-ல் நடந்த தேசியக் கணக்கெடுப்பில், புகைத்தால் கடும் நோய் வரும் என்று 100-க்கு 92 பேர் சொன்னார்கள். அதே கணக்கெடுப்பின்படி, பெரியவர்களில் 28.6 சதவீதம் பேர் புகையிலை பயன்படுத்துகிறவர்கள். ஆக, நோய் தெரியும். சட்டம்தான் தெரியாது. தெரிந்தாலும் அது அடுத்தவனுக்கு!

2016 முதல் பாக்கெட்டில் 85 சதவீத இடம் எச்சரிக்கைக்கு. சரி, இங்கே பாக்கெட் வாங்குவது யார்? "ஒண்ணு குடுங்கண்ணே" என்று உதிரியாக வாங்குபவன் கண்ணில் அந்தப் படம் எப்படிப் படும்? பள்ளி அருகே விற்றாலும், 18 வயதுக்குக் கீழே உள்ளவனுக்கு விற்றாலும், மத்தியச் சட்டப்படி அபராதம் 200 ரூபாய் வரைதான். ஒரு மதிய வியாபாரத்தில் எடுத்துவிடலாம்.

எட்டாம் வகுப்பு படிக்கும்போது அப்பாவுக்குச் சிகரெட் வாங்கப் போனவன் நான். கடைக்காரர் வயசு கேட்கவில்லை. அனுப்பியவரும் யோசிக்கவில்லை. இன்று அப்பாவின் இருமலில்தான் வீடு விழிக்கிறது.

உதிரி விற்பனையை நிறுத்துங்கள். அபராதத்தை வலிக்கிற மாதிரி போடுங்கள். அதுவரை நாமாவது பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பாமல் இருப்போம். அதற்குச் சட்டம் வேண்டுமா என்ன?