எத்தனை வெளிச்சம் வேண்டும்?

மின்கம்பி எட்டாத ஓரிடத்தில் சிறு குடில் அமைத்து, சூரிய ஒளியிலிருந்து கிடைக்கும் மின்சாரத்தைக் கொண்டு வாழ்வது பற்றிய பேச்சு இலக்கிய நண்பர்களிடையே அவ்வப்போது எழுவதுண்டு. எழும்போதெல்லாம் தோரோவின் பெயரும் கூடவே வரும். ஏரிக்கரை, தனிமை, எளிமை என்று பேச்சு நீளும். ஆனால் 'வால்டன்' நூலின் முதல் அத்தியாயத்துக்குத் தோரோ இட்ட தலைப்பு 'பொருளாதாரம்' என்பதைப் பலரும் மறந்துவிடுகிறோம். 1845-இல் தான் கட்டிய, பத்தடிக்குப் பதினைந்தடி அளவுள்ள குடிலுக்கு ஆன செலவை ஆணி, சுண்ணாம்பு வரை பட்டியலிட்டு, 28 டாலர் 12½ சென்ட் என்று கூட்டிக் காட்டியவர் அவர். எளிமையைப் பேசப் புகுந்தவர் முதலில் எடுத்து வைத்தது வரவு செலவுக் கணக்கை.

சூரிய மின்சாரத்துக்கும் இதே ஒழுங்குதான் தேவை என்பது எங்கள் கருத்து. நண்பர்கள் சிலர் சேர்ந்து ஜவ்வாது மலையடிவாரத்தில், படிக்கவும் எழுதவும் ஓரறைக் குடில் ஒன்றைத் திட்டமிட்டு வருகிறோம். இதைச் சொன்னதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, 'எத்தனை தகடு போடப் போகிறீர்கள்?' என்பதுதான். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. ஒரு நாளைக்கு நமக்கு எவ்வளவு வேண்டும் என்பதே முதற்கேள்வி.

ஒன்பது வாட் எல்.இ.டி. விளக்குகள் நான்கு, ஐந்து மணி நேரம்: 180 வாட்-மணி. மடிக்கணினி 50 வாட் வீதம் நான்கு மணி நேரம்: 200. கைபேசிகளுக்கு 30. இனி மின்விசிறி. வழக்கமான கூரை விசிறி 75 வாட் எடுக்கும். பத்து மணி நேரத்துக்கு 750. மற்ற எல்லாவற்றையும் கூட்டினாலும் அதற்கு ஈடாகாது. அதே காற்றைத் தரும் பி.எல்.டி.சி. விசிறி 28 வாட்டில் ஓடுகிறது. பத்து மணி நேரத்துக்கு 280 போதும். ஆக, பழைய விசிறியோடு நாளுக்கு 1160 வாட்-மணி, புதியதோடு 690. விசிறிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் விலை, அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட வாங்க வேண்டிய தகடு, மின்கலத்தின் விலையைவிட மிகக் குறைவு.

பட்டியலில் இடம்பெறாமல் உண்பவை வேறு உண்டு. இன்வெர்ட்டர் எந்த வேலையும் செய்யாமல் விழித்திருப்பதற்கே பத்து வாட் எடுத்துக்கொண்டால், ஒரு நாளில் 240 வாட்-மணி போய்விடும். எங்கள் விளக்குகள் அனைத்தும் கேட்பதைவிட அது அதிகம். எனவே விளக்கையும் விசிறியையும் மடிக்கணினியையும் மின்கலத்திலிருந்து நேர்மின்சாரத்திலேயே இயக்குவது என்று வைத்துக்கொண்டோம். இன்வெர்ட்டர் தேவைப்படும்போது மட்டும் விழிக்கட்டும்.

தகட்டின் கணக்கு அதன் பிறகுதான். வெப்பம், தூசி, கம்பி, மின்கலம் என்று வழியில் முப்பது விழுக்காடு இழப்பு என வைத்தால், 690 கிடைக்க ஏறத்தாழ 985 விளைய வேண்டும். தமிழகத்தில் ஆண்டுச் சராசரியாக நாளுக்கு ஐந்து மணி நேர முழுவெயிலுக்கு நிகரான ஒளி கிடைக்கிறது. ஆனால் குடிலில் வாழ்பவர் சராசரியில் வாழ்வதில்லை. ஐப்பசி அடைமழையில் வாழ்கிறார். ஆகவே மூன்றரை மணி நேரம் என்றே கணக்கிட்டோம். 280 வாட் வருகிறது. 330 வாட் தகடு ஒன்று போதும்.

செலவின் பெரும்பகுதி மின்கலத்தில். வெயிலற்ற இரண்டு நாட்களைத் தாண்ட 1380 வாட்-மணி வேண்டும். ஈய-அமில மின்கலத்தைப் பாதிக்கு மேல் வடியவிட்டால் அதன் ஆயுள் குறையும் என்பதால் 2760 வாட்-மணிக்கு, அதாவது 12 வோல்ட்டில் 230 ஆம்பியர்-மணிக்கு, வாங்க வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் எண்பது விழுக்காடு வரை எடுக்கலாம் என்பதால் 135 ஆம்பியர்-மணி அளவில் முடிந்துவிடும். முதல் விலை கூடுதல், ஆயுளும் கூடுதல். ஈய மின்கலத்தையே தேர்ந்தாலும் ஒன்றை மறக்கலாகாது: பழையதை விற்றவரிடமே திருப்பித் தர வேண்டும். திறந்தவெளியில் ஈயம் உருக்கும் பட்டறைக்கு அது போனால், நம் குடிலின் வெளிச்சத்துக்கான விலையை அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் இரத்தம் கொடுக்கும்.

மரம் குறித்தும் ஒரு விவாதம் எழுந்தது. குடிலுக்கு நிழல் வேண்டும், தகட்டுக்கு வெயில் வேண்டும். தகட்டின் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே அதன் விளைச்சல் பெருமளவு சரியும். கூரைமீது கவியும் புங்க மரத்தை வெட்டிவிடலாம் என்றார் ஒரு நண்பர். தகட்டைக் கூரையிலிருந்து இறக்கி, சற்றுத் தள்ளி வெட்டவெளியில் தெற்கு நோக்கிப் பன்னிரண்டு பாகைச் சாய்வில் நிறுத்தலாம் என்றோம். குறைந்த வோல்ட்டில் மின்சாரம் தொலைவு போனால் கம்பியிலேயே தேயும். அதற்காகத் தடித்த கம்பி வாங்க வேண்டும். மரத்தின் விலை அந்தக் கம்பியின் விலை என்று கொண்டால் அது மலிவுதான்.

இவ்வளவு சொன்னபின், இந்தச் சிக்கனத்தை மற்றவருக்கு உபதேசிக்கும் ஆசையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பீகாரின் தர்னை கிராமத்தில் 2014-இல் கிரீன்பீஸ் அமைப்பு நூறு கிலோவாட் சூரிய மின்நிலையம் ஒன்றை நிறுவியது. நெடுங்காலம் இருளில் இருந்த ஊர் அது. ஆனால் குளிர்பதனப் பெட்டி போன்றவற்றை இணைக்கலாகாது என்ற கட்டுப்பாடு இருந்தது. கட்டணமும் அரசு மின்சாரத்தைவிடக் கூடுதல். மக்கள் முன்னாள் முதலமைச்சரிடம் 'அசல் மின்சாரம்' கேட்டார்கள். கம்பிவழி மின்சாரம் வந்து சேர்ந்ததும் சூரிய நிலையம் கவனிப்பாரற்றுப் போனது.

இதைத் தொழில்நுட்பத்தின் தோல்வியாகச் சிலர் படிக்கிறார்கள். நாங்கள் அப்படிப் படிக்கவில்லை. பயன்படுத்துவோரின் தேவைப் பட்டியலை வேறு யாரோ எழுதினால் என்ன ஆகும் என்பதன் பாடம் அது. எங்கள் 690 வாட்-மணி எங்களுக்கு இனிக்கிறது. ஏனெனில் குளிர்பதனப் பெட்டியும் துணி துவைக்கும் எந்திரமும் நகரத்து வீட்டில் நமக்காகக் காத்திருக்கின்றன. திரும்பிப் போக அப்படியொரு வீடு இல்லாதவரிடம் நான்கு விளக்கும் ஒரு விசிறியும் போதும் என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது. மலையடிவாரச் சிற்றூருக்கு மின்கம்பி வேண்டும் என்று கேட்பவரோடு சேர்ந்து கேட்பதும், நம் குடிலுக்கு அது வேண்டாம் என்று முடிவெடுப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

ஆகவே குடில் கட்ட விரும்பும் வாசக நண்பர்களுக்கு நாங்கள் சொல்வது இதுதான். கடைக்குப் போகுமுன் ஒரு வாரம் உங்கள் வீட்டிலேயே எந்தச் சாதனம் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். குடிலில் தங்கப்போகிற ஒவ்வொருவரும், வயதில் மூத்தவர் உட்பட, தம் பட்டியலைத் தாமே எழுதட்டும். கூட்டுத்தொகை பெரிதாக வந்தால் எதை விடுவது என்பதை அவர்களே சேர்ந்து உட்கார்ந்து தீர்மானிக்கட்டும். தகடுகளின் எண்ணிக்கை அதற்குப் பின் தானே தெரியவரும்.