சிலந்தி என்ன குற்றம் செய்தது?

உங்கள் வீட்டிலும் வேலியோரத்திலும் வாழும் சிலந்திகளில் எத்தனை வகையை உங்களால் பிரித்துச் சொல்ல இயலும்?

நெகிரி செம்பிலான் தோட்டப்புறப் பள்ளிகளில் நான் கண்ட துப்புரவு நாள்கள் எல்லாம் ஒரே மாதிரிதான். ஒருவர் கையில் துடைப்பம், மற்றவர் கையில் பூச்சிக்கொல்லிக் குப்பி. கூரை மூலை முதல் செம்பருத்தி வேலி வரை எட்டுக் கால் உடையது எதுவும் தப்பாது. ஏன் என்று கேட்டால், "விஷம் சார்!" என்கிறான் மாணவன். அவனுக்கு அம்மா சொன்னது. அம்மாவுக்குப் பாட்டி சொன்னது. திருவானைக்காவில் சிவனுக்கு வலைப்பந்தல் இட்ட சிலந்தி கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்று கதை சொல்லும் குலம் நாம்!

தோலில் கொப்புளம் கண்டால் "எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பெய்துவிட்டது" என்பர். சிலந்தி என்னும் சொல்லுக்கே கட்டி, புண் என்றும் பொருள் உண்டு. சொல் ஒன்றானதால் பழியும் சேர்ந்துகொண்டது போலும். கோடு இழுத்தாற்போல் எரிந்து கொப்பளிக்கும் புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம், மலாயில் 'செமுட் சார்லி' எனப்படும் சிறு வண்டு. செம்மஞ்சளும் கருப்புமான உடல். இரவில் விளக்கை நாடி வரும். அது கடிப்பதில்லை. நாம் நசுக்கும்போது அதன் உடல்நீர் பட்டுத் தோல் வெந்துபோகிறது. உடலின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாகப் படரும் கொப்புளமோ அக்கி. அது நச்சுயிரியால் வரும் நோய். வண்டும் நச்சுயிரியும் செய்த குற்றத்துக்குச் சிலந்திக்குத் தூக்குத் தண்டனை!

கதவுக்குப் பின்னால் உள்ளங்கை அளவு கால் விரித்துத் தட்டையாக ஒட்டியிருக்கும் பழுப்புச் சிலந்தியைப் பார்த்திருப்பீர்கள். அது இரை பிடிக்க வலை பின்னுவதே இல்லை. இரவில் ஓடிக் கரப்பான் பூச்சியைப் பிடித்துத் தின்னும். மார்புக்கு அடியில் வெண்ணிற வில்லை ஒன்றைச் சுமந்து திரிந்தால் அது தாய். வில்லை அதன் முட்டைப்பை. கையால் பிடித்தால் வலிக்கக் கடிக்கும் என்பது உண்மைதான். எதற்குப் பிடிக்க வேண்டும்?

கூரை மூலையில் நூல்போன்ற நெடுங்கால்களுடன் தொங்கி, தொட்டால் உடலைக் கிடுகிடுவென ஆட்டுவது வேறு. நாம் ஒட்டடை என்று அடித்துத் தள்ளுவது பெரும்பாலும் அதன் வலையைத்தான். கொசுவும் அதற்கு இரை. பகலில் சுவரில் நடந்து, நின்று, திரும்பி நம்மையே உற்றுப் பார்ப்பது குதிக்கும் சிலந்தி; முகத்தில் இரு பெருங்கண்கள். தோட்டத்தில் வட்ட வலையின் நடுவே கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கல் குறிபோல் அமர்ந்து, அதே குறியை வெண்ணிழையால் வலையிலும் தைத்து வைப்பது இன்னொன்று. கித்தாக்காட்டு ஓரம் வெயிலில் பொன்னிறமாய் மின்னும் பெருவலையில் கை அகலத்துக்குப் பெண் சிலந்தி இருக்கும். அதன் ஆணோ அதே வலையில் ஓரமாய், ஒரு துணுக்காய்!

முன்பு மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சிறுவர்கள் சண்டைச் சிலந்தியைத் தீப்பெட்டியில் வைத்து வளர்த்தனர். ஒட்டிய இரு இலைகளுக்கு நடுவே அது கூடு கட்டும் என்பது அவர்களுக்குப் பாடநூல் சொல்லித் தந்ததன்று.

அறிவியலை எந்த மொழியில் கற்பிப்பது என்று 2003 முதல் போராடினோம். ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள், 2009-இல் கைவிடுவதாக அறிவித்தார்கள், 2016-இல் இருமொழித் திட்டம் வந்தது. நான் என்றும் தமிழின் பக்கமே. ஆனால் தமிழில் கற்பிக்கும் நாம் செய்வது என்ன? பூச்சிக்கு ஆறு கால் என்று பலகையில் எழுதிவிட்டு, மறுநொடியே 'எட்டுக்கால் பூச்சி' என்கிறோம். பேச்சு வழக்கில் பூச்சி என்பது சிற்றுயிர் அனைத்துக்கும் பொதுப்பெயர், அப்பெயரில் பிழையில்லை. இவ்வேறுபாட்டை விளக்காமல் கடந்து போகிறோமே, அதுதான் பிழை. சன்னலுக்கு வெளியே உயிரோடு இருப்பதை விட்டுவிட்டுப் படத்தில் கால்களை எண்ணச் சொல்வது எவ்வகை அறிவியல்?

"கடித்தால் யார் பொறுப்பு?" என்பீர்கள். ஏறத்தாழ எல்லாச் சிலந்திகளுக்கும் நஞ்சு உண்டு. ஆனால், மேலே சொன்னவற்றின் நஞ்சு பூச்சிகளைக் கொல்லவே போதும், மனிதரைக் கொல்லாது. அஞ்சத்தக்கது வேறு. தீபகற்ப மலேசியாவில் பழுப்பு விதவைச் சிலந்தி காணப்பட்டதை 2015-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை முதன்முதலாகப் பதிவு செய்தது. வயிற்றின் அடியில் உடுக்கை வடிவச் செம்மஞ்சள் குறி. முட்டைப்பையைச் சுற்றிலும் சிறு முட்கள். அது கடித்தால் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். எல்லாமே விஷம் என்று கற்ற பிள்ளை இந்த ஒன்றை எப்படிப் பிரித்தறியும்?

அடுத்த துப்புரவு நாளில் துடைப்பம் கொடுக்குமுன் ஒரு மணி நேரம் நோட்டும் பென்சிலும் கொடுங்கள். தொடாமல் நின்று பார்த்து வரையட்டும். தமிழ்ப்பெயர் இல்லாதவற்றுக்கு அவர்களே பெயர் இடட்டும்.