டெஹ்ரான் டாக்ஸிக்காரர் 'காசு வேண்டாம்' என்றால் நம்பலாமா? ஈரானின் சாதாரண மக்களை நாம் எப்படிப் பார்க்கிறோம்?

டெஹ்ரானில் டாக்ஸியை விட்டு இறங்கி "எவ்வளவுங்க?" என்று கேட்டால், ஓட்டுநர் பெரும்பாலும் "காபேல் நதாரே" என்பார். 'உங்களுக்கு முன்னால் இதெல்லாம் ஒரு பொருட்டா' என்று அர்த்தம். அப்படியா, ரொம்ப நன்றி என்று பையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் கதை கந்தல். நீங்கள் கொடுப்பேன் என்க, அவர் வேண்டாம் என்க, இரண்டு மூன்று சுற்று ஆன பிறகு அவர் கூச்சத்தோடு வாங்கிக்கொள்வார். சில சமயம் முதலில் நினைத்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வாங்குவார்!

இதற்கு 'தாரோஃப்' என்று பெயர். கடையில், அலுவலகத்தில், லிஃப்ட் வாசலில் யார் முதலில் ஏறுவது என்பதில் எல்லாம் இது உண்டு. விருந்தாளி டீயை முதல் தடவை மறுக்க வேண்டும். வீட்டுக்காரர் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். மாசக் கடைசியில் வீட்டில் ஒன்றும் இல்லாதவர்கூட "சாப்பிட்டுவிட்டுத்தான் போகணும்" என்று சொல்லியாக வேண்டும். அவர் மனதார அழைக்கிறாரா, மரியாதைக்கு அழைக்கிறாரா என்று கண்டுபிடிப்பது கேட்பவரின் பொறுப்பு. ஈரானியர்களே இதை வைத்து ஜோக் அடிப்பார்கள், அலுத்தும் கொள்வார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. வேலை செய்துகொண்டிருக்கும் யாரைக் கடந்தாலும், அவர் ரொட்டி சுடுபவரோ பேருந்து ஓட்டுபவரோ, "ஹஸ்தே நபாஷீத்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள். 'களைப்படையாதிருங்கள்' என்று பொருள்.

ஒன்பது கோடிப் பேர் வாழும் ஒரு நாட்டைப் பற்றிய செய்திகளில் இதெல்லாம் வருவதே இல்லை. வருவது ஏவுகணை, அணு உலை, கறுப்பு உடைக் கூட்டம், எரியும் கொடி.

மூன்று போட்டோக்கள்

வெளியுலகின் மனதில் ஈரான் என்றால் மாறி மாறி வருவது மூன்று படங்கள்தான்.

முதலாவது, 1979 நவம்பர் 4-இல் மாணவர்கள் டெஹ்ரானின் அமெரிக்கத் தூதரகத்துக்குள் புகுந்தபோது பதிவானது. 52 அமெரிக்கர்கள் 444 நாட்கள் பிணையாக இருந்தார்கள். அந்தக் கோபக் கூட்டத்தின் படம் அப்போதிருந்து அமெரிக்காவின் மனதில் உறைந்துவிட்டது. சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய 'ஆர்கோ' வந்தது 2012-இல். 33 வருடம் கழித்தும் அதே கூட்டம், அதே கூச்சல்.

இரண்டாவது, வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் ஒரு முறையாவது வந்திருக்கும். மினி ஸ்கர்ட் போட்ட கல்லூரிப் பெண்கள், 'புரட்சிக்கு முந்தைய ஈரான்' என்ற தலைப்போடு. படம் பொய்யல்ல. ஆனால் அது பெரும்பாலும் பெருநகர வசதிக்காரர்களின் ஈரான். 1970-களின் நடுப்பகுதியில் அந்த நாட்டுப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். இன்று அது 80 சதவீதத்துக்கு மேல். 1980-களின் நடுவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு குழந்தைக்கு மேல் இருந்தது, 2000 வாக்கில் இரண்டு ஆனது. பல்கலைக்கழகங்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பெண்கள்.

இதைச் சொன்னால் 'அப்போ புரட்சி நல்லதா?' என்று ஒரு கேள்வி வரும். அப்படி இல்லை. படித்த பெண்களில் பெரும்பாலானோருக்கு வேலை இல்லை. சுமார் ஏழில் ஒரு பெண்தான் வேலையிலோ வேலை தேடியோ இருக்கிறார். முக்காட்டைச் 'சரியாக' அணியவில்லை என்று பிடித்துச் செல்லப்பட்ட மஹ்சா அமினி, 2022 செப்டம்பர் 16-இல் காவலில் இருந்த நிலையில் இறந்தார். அவருக்கு வயது 22. 'பெண், வாழ்க்கை, விடுதலை' என்று தெருவுக்கு வந்தவர்கள் சுடப்பட்டார்கள், சிலர் தூக்கிலும் இடப்பட்டார்கள். அதன் பிறகும் டெஹ்ரான் தெருக்களில் முக்காடு இல்லாமல் நடக்கும் பெண்கள் பெருகினார்கள். 2024 டிசம்பரில் வரவிருந்த இன்னும் கடுமையான ஹிஜாப் சட்டத்தை அரசே நிறுத்தி வைக்க வேண்டி வந்தது. மினி ஸ்கர்ட் போட்டோவுக்குள் இந்தப் பெண்கள் அடங்கவே மாட்டார்கள்.

மூன்றாவது, இன்ஸ்டாகிராம் ஈரான். பனிச்சறுக்கு மலை, சொகுசு கார், ரகசிய பார்ட்டி. 'பார், அவங்களும் நம்மள மாதிரிதான்' என்று காட்டுவதற்காகவே பகிரப்படுவது. அங்கே அப்படி வாழ்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மாசச் சம்பளத்தில் வாழ்பவரின் கதை வேறு.

பூஜ்ஜியங்களோடு ஒரு வாழ்க்கை

அதிகாரப்பூர்வ நாணயம் ரியால். யாரும் ரியாலில் பேச மாட்டார்கள். ஒரு பூஜ்ஜியத்தை வெட்டிவிட்டு 'தோமான்' என்பார்கள். பத்து ரியால் ஒரு தோமான். விலை உயர உயர, பேச்சில் ஆயிரங்களையும் விழுங்கிவிடுகிறார்கள். வெளியூர்க்காரர் தலையைச் சொறிவார்.

2015-இல் அணுசக்தி ஒப்பந்தம் கையெழுத்தானபோது ஒரு டாலருக்கு 30,000 ரியாலுக்கு மேல் கொஞ்சம். 2018-இல் ட்ரம்ப் ஒப்பந்தத்திலிருந்து வெளியேறித் தடைகளைத் திரும்பக் கொண்டு வந்தார். 2025 மார்ச்சில் ஒரு டாலர் 10 லட்சம் ரியாலைத் தாண்டியது. அந்த அக்டோபரில் நாணயத்திலிருந்து நான்கு பூஜ்ஜியங்களை நீக்க நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்தது. தடைகள் மட்டும் காரணமில்லை. ஊழல், மோசமான நிர்வாகம், ஆயுதக் குழுக்களுக்கு அனுப்பும் பணம் என்று ஈரானியர்களே பட்டியல் போடுவார்கள். ஆனால் பத்து வருடத்துக்கு முன் வங்கியில் ரியாலாகப் பணம் போட்டு வைத்த ஓர் ஆசிரியருக்குக் காரணம் எதுவானால் என்ன? சேமிப்பு கரைந்துவிட்டது. அதனால்தான் அங்கே கையில் காசு வந்தால் தங்க நாணயம் வாங்குகிறார்கள், டாலர் வாங்குகிறார்கள், பழைய காரைக்கூட முதலீடாக வாங்கி நிறுத்துகிறார்கள்.

விசா, மாஸ்டர்கார்டு எதுவும் செல்லாது. ஆனாலும் ரொட்டிக் கடை வரை கார்டு இயந்திரம் இருக்கிறது, உள்நாட்டு வங்கி வலைப்பின்னலில். ஒரு வேடிக்கை: கார்டை நீட்டி, ரகசிய எண்ணைக் கடைக்காரரிடம் சத்தமாகச் சொல்வது அங்கே சகஜம். அவரே தட்டிக்கொள்வார்.

இணையமும் இப்படித்தான். ஃபேஸ்புக், ட்விட்டர், யூடியூப் 2009-லிருந்து தடை. டெலிகிராம் 2018-இல், இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் 2022-இல் தடைபட்டன. வாட்ஸ்அப் மட்டும் 2024 இறுதியில் திரும்பி வந்தது. விபிஎன்-னுக்கு அங்கே 'ஃபில்டர்ஷெகன்' என்று பெயர். தடுப்பை உடைப்பது என்று பொருள். அந்த நாட்டு உயர் தலைவர்களும் தடை செய்யப்பட்ட அதே தளங்களில் கணக்கு வைத்திருந்தார்கள் என்பது தனி காமெடி.

காமெடி இல்லாத விஷயம் ஒன்று. மருந்துக்குத் தடை இல்லை என்றுதான் அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. ஆனால் ஈரானோடு பணம் கைமாற்ற எந்த வங்கியும் பயப்படுவதால் மருந்து வருவதில்லை. லேசாகத் தொட்டாலே தோல் கொப்பளித்து உரியும் ஓர் அரிய பிறவி நோய் உண்டு. புண்ணோடு ஒட்டாத சிறப்புக் கட்டுத்துணி இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை கட்டு மாற்றும்போதும் குழந்தையின் தோலும் சேர்ந்து வரும். அந்தத் துணியைத் தயாரித்த ஸ்வீடன் நிறுவனம் 2018-க்குப் பிறகு ஈரானுக்கு அனுப்புவதை நிறுத்தியது. ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் இதைக் கேள்வி கேட்டார்கள். 'ஈரானுக்குப் பாடம் புகட்டணும்' என்று டிவி விவாதத்தில் முழங்குபவர்கள் மனதில் இருக்கும் ஈரானில் இந்தக் குழந்தைகள் இல்லை.

ஷூ தொலைத்த சிறுவன்

தமிழ் ரசிகர்களுக்கு ஈரானை அறிமுகம் செய்தது சினிமா. மஜீத் மஜீதியின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997) படத்தில் தங்கையின் ஷூவைத் தொலைத்துவிட்டு ஓடும் அண்ணன், 2022-இல் 'அக்கா குருவி'யாகத் தமிழிலும் வந்தான். ஆனால் ஈரானியப் படங்களில் ஏன் இத்தனை குழந்தைகள்? 1965-இல் தொடங்கிய சிறார் வளர்ச்சி நிறுவனத்தில்தான் அப்பாஸ் கியாரொஸ்தமி படம் எடுக்கக் கற்றார் என்பது ஒரு காரணம். தணிக்கை இன்னொன்று. வீட்டுக்குள்ளும் மனைவி முக்காட்டோடுதான் இருக்க வேண்டும், கணவன் தொடக் கூடாது என்றால் குடும்பக் கதையை எப்படி எடுப்பது? குழந்தையை முன்னால் நிறுத்துவது ஒரு வழியாக இருந்தது. நாம் பார்த்து உருகிய அந்த அப்பாவித்தனத்துக்குப் பின்னால் ஒரு கத்தரிக்கோலும் இருந்தது.

2025 ஜூன் 13

அன்று இஸ்ரேல் தாக்கத் தொடங்கியது. 12 நாள் போர். ஜூன் 16-இல் டெஹ்ரானின் மூன்றாவது மண்டலத்தை விட்டு வெளியேறுமாறு இஸ்ரேல் ராணுவம் எச்சரித்தது. அந்த வரைபடம் எக்ஸ் தளத்தில் வந்தது. ஈரானில் அது 2009-லிருந்து தடை செய்யப்பட்ட தளம். அதே நாளில் ட்ரம்ப், எல்லோரும் டெஹ்ரானைக் காலி செய்யுங்கள் என்று பதிவிட்டார். எல்லோரும் என்றால் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர். பெட்ரோல் பங்குகளில் நீண்ட வரிசை, காஸ்பியன் கடற்கரை நோக்கிய மலைப்பாதைகளில் நகராத கார்கள். நகரில் முறையான பதுங்குமிடங்கள் இல்லை, மெட்ரோ நிலையங்களுக்குப் போகச் சொன்னது அரசு. படுத்த படுக்கையாகத் தாயோ தந்தையோ இருந்த வீடுகளில் யாரும் எங்கும் போகவில்லை. சில நாட்களில் இணையத்தையும் அரசு துண்டித்தது.

ஜூன் 23-இல் எவின் சிறை மீது குண்டு விழுந்தது. அரசை எதிர்த்து எழுதியவர்கள், பேசியவர்கள், முக்காட்டை மறுத்த பெண்கள் அடைக்கப்படும் சிறை அது. எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததாக நீதித்துறை அறிவித்தது. சிறை ஊழியர்கள், கைதிகள், அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்கள், அன்று பகலில் தங்கள் பிள்ளையையோ கணவனையோ பார்க்க வந்திருந்த குடும்பத்தார்.