கண்ணாடி மாட்ட வருபவரின் கையைக் கவனித்திருக்கிறீர்களா?

வீட்டுக்குக் கண்ணாடி மாட்ட வருகிறவரின் கையைப் பாருங்கள். பெரும்பாலும் பழைய தழும்பு ஒன்றாவது இருக்கும். "இதெல்லாம் சகஜம் சார்" என்பார்.

ஒரு சின்னக் கணக்கு. சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் கண்ணாடியின் எடை 2.5 கிலோ. 7 அடிக்கு 3 அடியில் 12 மி.மீ கதவு என்றால், கிட்டத்தட்ட 58 கிலோ! அதைத்தான் ரெண்டு பேர் செருப்புக் காலோடு, வெறுங்கையில் மாடிக்கு ஏற்றுகிறார்கள். டஃபன்டு கண்ணாடி உடைந்தால் கல்கண்டு மாதிரி உதிரும். சாதாரணக் கண்ணாடியோ கத்தி கத்தியாகப் பிளக்கும். நழுவினால் பிடிக்கக் கூடாது, விட்டுட்டு விலகிடணும். ஆனால், உடைந்ததற்குக் கூலியில் காசைப் பிடித்தால் யார்தான் விலகுவார்?

2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, பொதுவாக 10 பேராவது வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான். தெருமுனைக் கண்ணாடிக் கடையில் இருப்பதோ மூணு பேர். அங்கே வெட்டுப்படாத கையுறையும், கண்ணாடியைக் கவ்வித் தூக்கும் சக்‌ஷன் கப்பும் முதலாளி மனசு வைத்தால் உண்டு. அடுத்த முறை கூலி பேசும்போது, "கிளவுஸ் கொண்டு வருவீங்களாண்ணே?" என்றும் கேளுங்கள். அதற்காக அவர் நூறு ரூபாய் கூடக் கேட்டால், பேரம் பேசாதீர்கள்.